வெள்ளிக்கிழமை போலிங் லீக் அங்கிளோடு பழகியவர்கள் எழுதுங்கள்

அங்கிள் தவறிப்போன செய்தி இதற்குள் எல்லாருக்கும் வந்திருக்கும். "ஆழ்ந்த இரங்கல்" என்று ஆளாளுக்கு ஒரு வரி போடுவதைவிட, அவரோடு நடந்தது ஏதாவது இருந்தால் எழுதுங்கள், அவர் பிள்ளைகள் படிக்கட்டும். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

கிள்ளானுக்குக் குடிவந்த புதிதில் சும்மா போலிங் ஆடப் போனேன். வாடகைக் காலணி, மையத்துப் பந்து. எதிரே நிற்கும் பத்துக் கட்டையும் (பின்) முதல் பந்திலேயே சாய்ந்து ஸ்ட்ரைக் விழுந்தால் குதிப்பேன், ஒரு பின் மிச்சம் நின்றால் ஏனோதானோ என்று உருட்டிவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவேன். பக்கத்து லேனில் இருந்த மனிதர் என் ரசீதை எடுத்துத் திருப்பி அதன் பின்னால் கட்டம் போட்டார். "தம்பி, ஆட்டத்துக்குப் பத்து ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேம்லயும் முதல் பந்துக்கு ஒன்பது, ரெண்டாவதுக்கு மிச்சம் ஒண்ணு. கடைசிப் பந்துக்கும் ஒன்பது. ஒரு ஸ்ட்ரைக்கூட கிடையாது. எவ்ளோ வரும்?" நூற்றிருபது இருக்குமா என்றேன். மிச்சத்தை இரண்டாவது பந்தில் எடுத்தால் அடுத்த பந்தில் விழுவதும் சேரும், அதனால் 190 வரும் என்று ஒவ்வொரு கட்டமாகக் கூட்டிக் காட்டினார். "நீ நாலு ஸ்ட்ரைக் அடிச்சியே, என்ன வந்துச்சு?" திரையில் 118. சரி, அடுத்த வெள்ளிக்கிழமை வா என்றார். பெயரைக்கூட அப்புறம்தான் கேட்டார்.

—

அந்த 190 கணக்கை அவர் போட்டுக் காட்டாத ஆள் நம் லீக்கில் யாராவது இருக்கிறார்களா?

அவர் 300 (எல்லாப் பந்தும் ஸ்ட்ரைக், அதுதான் முழு ஸ்கோர்) அடித்தார் என்று புதுப் பிள்ளைகள் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. நான் அதே டீமில் இருந்தவன், பின்னாலேயே நின்றேன். ஒன்பது ஃப்ரேமும் ஸ்ட்ரைக். மையத்தில் பேச்சே இல்லை, அடுத்த லேன்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். பத்தாவது ஃப்ரேமில் பந்து அருமையாக உள்ளே போனது, ஆனால் வலது ஓரத்துப் பத்தாம் நம்பர் பின் லேசாக ஆடிவிட்டு நின்றுகொண்டது. எல்லாரும் தலையில் கை வைத்துவிட்டோம். மனிதர் முகம் மாறவில்லை. தன் பழைய பிளாஸ்டிக் பந்தை எடுத்தார் (அது லேனில் பூசியிருக்கும் எண்ணெயில் வளையாமல் நேராகப் போகும், ஓரத்துப் பின்னுக்கு அதுதான் சரி), இடது ஓரம் போய் நின்று குறுக்கே விட்டு அதை எடுத்தார். கடைசிப் பந்து ஸ்ட்ரைக். 279.

பிறகு மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கும்போது நாங்கள் "போச்சே, போச்சே" என்று புலம்பினால் அவருக்குக் கோபம் வரும். "என்னடா போச்சு? அந்தப் பின்னை எடுத்தேனே, அதை எவனாவது சொல்றீங்களா?"

—

நான் லீக்கில் சேர்ந்தபோது பெண்கள் மிகவும் குறைவு. என் கட்டைவிரலுக்கு மையத்துப் பந்தின் துளை பெரிது, பந்து நழுவிவிடுமோ என்று இறுக்கிப் பிடித்துப் பிடித்துத் தோல் உரிந்துவிடும். விளையாட்டென்றால் வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்திருந்தேன். அங்கிள் தன் பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலும் டேப்பும் எடுத்தார், துளைக்குள் இரண்டு துண்டு ஒட்டினார், "இப்ப விரலை விட்டுப் பாரு மா" என்றார். இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று. பிறகு பந்தை அழுத்தாமல் பிடிக்க முடிந்தது. மூன்றாவது ஆட்டத்தில் விரல் வீங்கும், அப்போது ஒரு துண்டை உரித்துவிட வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

நான் சொந்தப் பந்து வாங்கியபோது கூடவே வந்து, என் கையை அளந்து துளை போடும்வரை கடையில் நின்றார். 14 பவுண்டு எடுக்கப் பார்த்தேன், 11 போதும் என்று அடம்பிடித்தார். பவுண்டுக்கு ஆசைப்பட்டுத் தோள்பட்டையைக் கெடுத்துக்கொண்டவர்கள் பட்டியலையே வைத்திருந்தார், பெயர் பெயராகச் சொல்வார்.

—

எல்லாரும் அவரைத் தெய்வமாக்குவதற்குள் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மனிதருக்கு வாய் அதிகம். போலிங் காலணியோடு கழிவறைக்குப் போய்விட்டு வந்தால் அவ்வளவுதான். அடியில் ஈரம் பட்டால் பந்தை விடும் கடைசி எட்டு வைக்கும்போது கால் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும், லேன் தொடங்கும் ஃபவுல் லைனில் குப்புற விழவேண்டியதுதான் என்று ஊரே கேட்கச் சொல்வார். வலது பக்கத்து லேன் ஆள் முதலில் ஆடட்டும் என்று காத்திருக்கத் தெரியாதவனை அவருக்குக் கண்டாலே ஆகாது. என் மச்சானை ஒருதரம் அப்படித் திட்டி, அவன் ஒரு மாதம் வரவில்லை. பிறகு அவரே வீட்டுக்குப் போய் பசியாறிவிட்டு அவனையும் காடியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

—

1998 கதையை யாரும் எழுதவில்லையே? காமன்வெல்த் போட்டிகளில் போலிங் இருந்தது அந்த ஒரே தடவைதான், அதுவும் நம் மலேசியாவில், சன்வே பிரமிட்டில். அங்கிள் லீவு போட்டுவிட்டுப் போய், நம் நாட்டு கென்னி ஆங் ஆண்கள் ஒற்றையர் தங்கம் வாங்கியதை நேரில் பார்த்தவர். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவர் உட்கார்ந்திருந்த இடம் லேனுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிடும். கடைசியாக எனக்குச் சொன்னபோது கென்னி ஆங்கின் பந்தைத் துடைத்துக் கொடுக்காத குறைதான்.

ஆனால் அந்தக் கதைக்குள் அவர் சொன்ன ஆட்ட விவரம் ஒன்றும் பொய்யில்லை. ஆட ஆட லேனில் எண்ணெய் தேய்ந்து பந்து சீக்கிரம் வளைய ஆரம்பிக்கும், யார் எப்போது நிற்கும் இடத்தை மாற்றினார்கள் என்பதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். நாங்கள் பின் விழுவதைப் பார்ப்போம், அவர் காலைப் பார்ப்பார்.

—

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து மையத்தை மூடியபோது எனக்கு வேலையும் போயிருந்தது, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. அங்கிள் வாரம் தவறாமல் போன் அடிப்பார். வேலை கிடைத்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை. இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்துத் தொங்கவிட்டு முன்னும் பின்னும் ஆட்டு, முழங்கை மடங்கக் கூடாது, வீடியோ அனுப்பு. அனுப்பினால் "தோள் இறங்குது, மறுபடி" என்று பதில் வரும். என் மனைவி சிரித்தே ஓய்ந்துவிட்டாள். அந்த நாட்களில் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அதற்கு மட்டும்தான்.

டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு அவர் 15 பவுண்டிலிருந்து 12க்கு இறங்கினார், அப்புறம் 10. பிள்ளைகள் எடுக்கும் பந்து அது. அதிலும் அந்தப் பத்தாம் நம்பர் பின்னைத் தட்டிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்ப்பார் பாருங்கள்!

—

திரும்ப நான்தான், முதலில் எழுதி ஆரம்பித்தவன். இரண்டு விஷயம்.

அவர் மகன் பந்துகளை லீக்குக்கே கொடுத்துவிட்டார். துளைகள் எல்லாம் அவர் கைக்குப் போட்டவை, யாருக்கும் அப்படியே பொருந்தாது. பிளாஸ்டிக் பந்தின் துளையை அடைத்து, காய்ந்ததும் புதிதாகத் துளைத்து நம் ஜூனியர் பையனுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். செலவைப் பகிர்ந்துகொள்ள முன்வருபவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், பெரிய தொகை இல்லை.

அடுத்தது, சீசன் முடியும்வரை அவர் பெயரை டீமில் அப்படியே வைத்து, வராதவருக்குப் போடும் பிளைண்ட் ஸ்கோரைப் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் கேட்டீர்கள். மனசு புரிகிறது. ஆனால் பிளைண்ட் ஸ்கோரில் டீம் ஓடினாலே "ஆளைக் கூட்டிட்டு வாங்கடா" என்று சண்டை போட்டவர் அவர். அதனால் அந்த இடத்துக்கு ஓர் ஆள் வேண்டும். வெள்ளி இரவு 8 மணி, ஆவரேஜ் எவ்வளவாக இருந்தாலும் பரவாயில்லை, ஹேண்டிகேப் (குறைந்த ஆவரேஜுக்குக் கூட்டிக் கொடுக்கும் புள்ளி) போட்டுக்கொள்ளலாம். காலணி இல்லாவிட்டால் அளவைச் சொல்லுங்கள்.