'யேலென்' யாருக்காக எடுத்த படம்?

பழையபிரொஜெக்டர்:
மாலி இயக்குநர் சுலைமான் சிசேயின் 'யேலென்' (1987) பார்த்தேன். பம்பாரா மக்களின் வாய்மொழி மரபில் எழுந்த கதை. மகனைக் கொல்ல, மந்திரக் கம்பத்தை ஆட்களை வைத்துத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் தேடும் அப்பா. தொடக்கத்திலேயே ஒரு கோழி தானாகப் பற்றி எரிகிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களின் கோமோ சங்கம் என்றால் என்னவென்று முதலிலேயே எழுத்தில் போடுகிறார்களே, அது யாருக்கு? பம்பாராக்காரருக்கா, பிரான்சின் கான் திரைப்பட விழா நடுவர்களுக்கா? அங்கே ஜூரி பரிசும் வாங்கிவிட்டது.

வேப்பம்பூ:
கோமோ ரகசியச் சங்கம், தீட்சை பெற்ற ஆண்களுக்கு மட்டும். உள்ளூரிலேயே பெண்களுக்குக் கதவு சாத்தித்தான் இருக்கும். அந்த எழுத்துக்கு அப்புறம் படம் எதையாவது விளக்குகிறதா? கோமோக்காரர்கள் உட்கார்ந்து பாடும் அந்த நீளமான காட்சி வெளிநாட்டுக்காரருக்காக என்றால், முதலில் அதைத்தான் வெட்டியிருப்பார்கள்.

மூன்றாம்வரிசை:
அரசியலை விட்டுவிட்டீர்கள். 'டென் முசோ' (1975) எடுத்ததற்கு சிசே சிறைக்கே போனவர், படமும் தடை. 'யேலென்' வந்தபோதும் அதே அதிபர் மூசா த்ராவோரேதான் ஆட்சியில். தன் சக்தியை இளையவனுக்கு விடாமல் அவனையே அழிக்கப் பார்க்கும் கிழவன் யாரென்று மாலித் தலைநகர் பமாகோவில் இருந்தவருக்குச் சொல்லவா வேண்டும்?

பழையபிரொஜெக்டர்:
சரி, அதே ஆட்சியில் 'ஃபின்யே' (1982) வந்ததே. மாணவர் போராட்டம், ராணுவ கவர்னர், எல்லாம் நேரடியாக. அதை எடுத்தவருக்கு ஐந்து வருடத்தில் மந்திரத்துக்குள் ஒளிய என்ன அவசியம்?

வேப்பம்பூ:
'ஃபின்யே'யிலும் தாத்தா முன்னோரிடம் போய் உதவி கேட்பாரே, மறந்துவிட்டீர்களா? அவர்கள் கைவிரித்துவிடுவார்கள். அப்புறம்தான் அவர் பேரனுக்காகத் தெருவுக்கு வருகிறார். சிசேக்குத் தொன்மம் ஒளிவிடம் இல்லை.

பழையபிரொஜெக்டர்:
அந்தக் காட்சி நல்ல காட்சி, ஒத்துக்கொள்கிறேன். தொன்மத்தை இன்றைய வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் எனக்கு வேண்டியது. புர்க்கினா ஃபாசோவின் டானி குயாட்டே 'கேய்த்தா'வில் (1995) அதைச் செய்தார். கிழட்டுக் கதைசொல்லி நகரத்து வீட்டுக்கு வந்து, பையனுக்கு அவன் பெயரின் கதையைச் சொல்கிறார். மாலிப் பேரரசை நிறுவிய சுன்ஜாட்டா கேய்த்தாவின் 13ஆம் நூற்றாண்டுக் கதை. பையன் பள்ளிப் பாடத்தைக் கோட்டைவிடுகிறான், அம்மாவும் வாத்தியாரும் கொதிக்கிறார்கள். கதைசொல்லியாக நடித்தவர் இயக்குநரின் அப்பா சோட்டிகி குயாட்டே, அவரே அந்த மரபில் வந்தவர். யாருக்காக என்ற கேள்வியே எழவில்லை. எதிரே பையன் உட்கார்ந்திருக்கிறான்.

மூன்றாம்வரிசை:
அந்தப் பையனுக்கும் கதை முழுசாகக் கிடைக்கவில்லையே. பாதியில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார் மனுஷன்.

பழையபிரொஜெக்டர்:
கிளம்பினார் என்று சொல்லாதீர்கள், கிளப்பிவிட்டார்கள்.