புரட்டாசியும் கரும்பு நடவும் ஒன்றாக வருகிறது: பேட்ச் (மற்றவர்கள் அனுப்பும் நிரல் திருத்தம்) வாங்குவதை நிறுத்தி வைக்கலாமா?

உம்சிண்டோ கரும்புக்காரன்
தென்னாப்பிரிக்காவில் குவாசூலு-நடால் தென்கரையில் எங்களுக்குக் கரும்புத் தோட்டம். கூடவே பைத்தான் மொழியில் ஒரு திறந்த மூலப் பஞ்சாங்க லைப்ரரி (யாரும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு). அதைப் பார்ப்பது நான் ஒருவன்தான்.

செப்டம்பர் பிறந்தால் கை ஓயாது. மழைக்கு முன் விதைக்கரணை நறுக்க வேண்டும். வெட்டும் முடிந்திருக்காது, எரித்த கரும்பு கிடந்தால் சர்க்கரை இறங்கிவிடும், உடனே ஆலைக்கு ஏற்ற வேண்டும். சாயங்காலம் இடி கேட்டால் ரவுட்டரைக் கழற்றிவிடுவேன். போன வருஷம் ஒன்று கருகிப் போனது.

இங்கே வசந்தத்தில்தான் புரட்டாசி. "சென்னை காலண்டரைவிட ஒரு நாள் முந்திக் காட்டுகிறது" என்று சில வருஷம் புகார் வரும். அது பிழையில்லை. சூரியன் அஸ்தமனத்துக்கு முன் கன்னியில் நுழைந்தால் அன்றே மாதப் பிறப்பு. சென்னையில் இரவு ஏழரைக்கு நுழைந்தால் அங்கே மறுநாள்தான் ஒன்றாம் தேதி. அதே நேரம் இங்கே மாலை நான்கு, வெயில் அடிக்கும். இதை ஒவ்வொருவருக்கும் பொறுமையாகவே எழுதுகிறேன். விரதம் என்றைக்குத் தொடங்குவது என்று அம்மா கேட்டதால்தான் இந்த நிரலே பிறந்தது.

ஆனால் அக்டோபரில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் (திறந்த மூல நிரல்களுக்குத் திருத்தம் அனுப்பும் இணைய நிகழ்வு) பேட்சுகளும் குவிகின்றன, பாதி வெறும் காற்புள்ளி மாற்றம். நடவு முடியும்வரை நிறுத்தினால் தப்பா?

சாட்ஸ்வொர்த் அக்கா
தப்பே இல்லை தம்பி. ரீட்மீ-யில் (நிரலின் அறிமுகக் குறிப்பில்) எதுவரை நிறுத்தம் என்று முதல் வரியாகத் தேதி போட்டு எழுதிவிடு. தேதிக் கணக்கில் தப்பு என்று வரும் பேட்சை மட்டும் திறந்து பார். அதை நம்பி விரதம் இருக்கிறோம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்
2020 அக்டோபரிலிருந்து நாமாகச் சேர்ந்தால்தான் ஹேக்டோபர்ஃபெஸ்டில் கணக்கு. உங்கள் நிரல் களஞ்சியத்தில் அந்தப் பெயரில் டாபிக் (குறிச்சொல்) இருக்கிறதா பாருங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள். நெட் இல்லாத இரவில் கிட் கமிட் செய்து (மாற்றத்தைக் கணினியிலேயே பதிந்து) வையுங்கள், காலையில் புஷ் பண்ணலாம் (இணையத்தில் ஏற்றலாம்).

போர்ட் லூயி
அண்ணா, உங்கள் எடுத்துக்காட்டு மொரிஷியசில் மாலை ஆறு மணி. செப்டம்பர் நடுவில் எங்களுக்கு அஸ்தமனம் ஆறைத் தாண்டிச் சில நிமிடம்தான். உங்கள் அஸ்தமனக் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் எங்களுக்கு ஒரு நாள் மாறும். சென்னை, உங்கள் ஊர், போர்ட் லூயி மூன்றையும் டெஸ்டில் (நிரலைச் சரிபார்க்கும் சோதனையில்) சேர்த்துவிடுங்கள்.

உம்சிண்டோ கரும்புக்காரன்
டாபிக் இருந்தது, எப்போதோ நானே போட்டது. எடுத்துவிட்டேன் அண்ணா. அக்கா சொன்னபடி ரீட்மீ-யில் தேதியும் போட்டாயிற்று. தம்பி, போர்ட் லூயி என் டெஸ்டில் இல்லவே இல்லை. இன்று இடி இல்லை, இரவே எழுதி ஏற்றுகிறேன். ஓட்டிப் பார்த்துச் சொல்கிறாயா?