புதுப்பிப்பு: புறக்கோட்டைக் கிட்டங்கிப் பூனைகள்

புறக்கோட்டையில எங்கட அரிசிக் கிட்டங்கியில 11 பூனை, "சாக்கில கட்டி எங்கயாவது விட்டுட்டு வா" எண்டு முதலாளி நிக்கிறார், என்ன செய்யலாம் எண்டு பெப்ரவரியில கேட்டிருந்தன்.

இப்ப 10க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை முடிஞ்சுது. பெரிய பாடு பிடிக்கிறதுதான். நெத்தலிக் கருவாட்டை மோந்தும் பாக்கேல்ல. டின்மீன் தண்ணியைக் கூட்டுவாசலில இருந்து உள்ளுக்குக் கோடாய் ஊத்தின பிறகுதான் ஒண்டொண்டா வந்துதுகள். அம்பிட்ட உடன கூட்டைத் துணியால மூடினா அடங்கிடும். முதல் நாள் மூட மறந்திட்டன், ஓட்டோக்கார அண்ணை இன்னும் என்னை முறைக்கிறார்.

சினைக்காலம் 9 கிழமைதான், குட்டியே 4, 5 மாசத்தில சினைப்படும். அதால பெட்டையளை முதலில கொண்டுவரச் சொன்னார் மிருக வைத்தியர். மயக்கத்திலயே விசர்நோய்த் தடுப்பூசியும் போட்டு, ஏற்கெனவே செய்தது எண்டு தெரிஞ்சு திரும்பப் பிடிக்காம இருக்க, அடையாளமா இடக்காது நுனியையும் வெட்டிவிட்டார்.

4 குட்டி வெள்ளவத்தையில ரெண்டு வீட்டுக்குச் சோடி சோடியாப் போட்டுதுகள். பெரிசு ஆறும் கிட்டங்கிக்கே வந்திட்டுதுகள். "எலிக்கு ஆள் வேணும்தானே" எண்டு இப்ப முதலாளியே சொல்றார்!

மிச்சம் ஒரு செவலைக் கடுவன். கூட்டுக்கு வெளியில நிண்டு, கம்பிக்குள்ளால கையை விட்டு மீனை இழுத்துத் தின்னுது. நாளைக்கும் கூடு வைக்கிறன்.