பழைய டிராக்டரில் கம்ப்ரெஷன் குறைந்தால்: இஞ்சினைப் பிரிக்கும் முன் நான் பார்த்தவை

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எங்களுடையது மூன்று சிலிண்டர் மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர். குறுவைக்குச் சேற்றுழவு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்க ஆரம்பித்தது. செல்ஃபை நீளமாக அடித்தால் சைலன்சரில் வெள்ளைப் புகை, அதில் எரியாத டீசல் வாடை. பிடித்துக்கொண்டாலும் சூடாகும் வரை விட்டு விட்டுத்தான் ஓடும்.

பேட்டரி, ஃபில்டர், ஏர் லாக் எல்லாம் பார்த்தாயிற்று. டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிக் கடையில் பிரஷர் செட் பண்ணியும் மாற்றமில்லை. வொர்க்‌ஷாப்பில், "கம்ப்ரெஷன் போச்சு, லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாத்திடலாம்" என்றார்கள். கம்ப்ரெஷன் போனது சரி, எந்த வழியாகப் போனது? டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. காற்று கசிந்தால் அந்தச் சூடு வராது. கசிவது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கிலா, வால்விலா, சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டிலா என்று தெரியாமல் இஞ்சினைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

முதலில் காதால் கேட்டோம். டீசலை நிறுத்தும் ஸ்டாப் நாப்பை இழுத்து வைத்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் நல்ல இஞ்சின் ஒரே சீராகத் திணறிச் சுற்றும். எங்களுடையது ஒரு திணறல், அப்புறம் லேசாக ஓடும், மறுபடி ஒரு திணறல். அப்போதே எல்லாச் சிலிண்டரும் ஒரே மாதிரி தேயவில்லை என்று தெரிந்துவிட்டது.

பிறகு கம்ப்ரெஷன் அளக்கும் கேஜ். பெட்ரோல் வண்டிக்கு வைத்திருக்கும் கேஜ் இதற்கு ஆகாது, டீசல் அழுத்தத்தை அது தாங்காது. இஞ்சினைச் சூடாக்கி, மூன்று நாசிலையும் கழற்றி, டீசல் வராமல் நிறுத்தி, பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கும்போதே பார்க்க வேண்டும். முதல் சிலிண்டர் 380 பி.எஸ்.ஐ. காட்டியது. இரண்டும் மூன்றும் 220-ஐத் தாண்டவில்லை. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் முதல் சந்தேகம் அவற்றுக்கு நடுவில் உள்ள கேஸ்கட் மேல்தான் விழ வேண்டும்.

சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, கேஜ் ஏறினால் ரிங் போச்சு என்று சொல்வார்கள். டீசலில் நான் அதை நம்புவதில்லை. பிஸ்டன் தலைக் குழியில் ஆயில் தேங்கும், ஓரத்து ரிங்குக்குச் சரியாகப் போகாது. அளவு கூடினால் உள்ளே இருக்கும் சின்ன இடமும் அடைபட்டு, கேஜ் பொய்யாக ஏறும். கனெக்டிங் ராடு வளையும் ஆபத்தும் உண்டு.

உண்மையைச் சொன்னது காற்றுதான். பழைய நாசில் பாடி ஒன்றின் உள் சாமான்களை எடுத்துவிட்டு, ஏர் நிப்பிள் பற்ற வைத்துக்கொண்டோம். இரண்டாவது பிஸ்டனைக் கம்ப்ரெஷன் உச்சியில் நிறுத்தி, டாப் கியர் போட்டு, பிரேக்கைப் பூட்டி, பஞ்சர் கடைக் கம்ப்ரசரிலிருந்து காற்று கொடுத்தோம். ஆயில் மூடி வழியாக லேசான மூச்சு மட்டும். அது ரிங் தாங்குகிறது என்று அர்த்தம். ரேடியேட்டரில் குமிழி இல்லை, அதாவது காற்று தண்ணீருக்குள் கசியவில்லை. ஏர் கிளீனரில் மட்டும் நல்ல இரைச்சல்.

காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வுதான் என்று முடிவுகட்டத் தோன்றும் இடம் இது. ஆனால் இந்த இஞ்சினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-2-3. இரண்டாவது உச்சியில் நிற்கும்போது மூன்றாவது காற்றை இழுக்கும் ஸ்ட்ரோக்கில் இருக்கும், அதன் இன்லெட் வால்வு திறந்தே இருக்கும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குள் கசியும் காற்றும் அந்த வழியாக ஏர் கிளீனருக்குத்தான் போகும். மூன்றாவதின் நாசில் ஓட்டையில் விரலை வைத்தேன், காற்று பீய்ச்சி அடித்தது. அடுத்து மூன்றாவதை உச்சிக்குக் கொண்டுவந்து காற்று விட்டபோது இரைச்சல் சைலன்சருக்கு மாறியது, ஏனென்றால் அப்போது இரண்டாவதில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கும். சந்தேகமே இல்லை, கேஸ்கட்.

ஹெட்டை இறக்கினால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கேஸ்கட் கருகி வாய்க்கால் விட்டிருந்தது. ரேடியேட்டர் கூட்டில் வைக்கோல் தூசி அடைத்துச் சூடு ஏறியதில் ஹெட் லேசாக வளைந்திருந்தது. லேத்தில் முகம் போட்டு, வால்வைத் தேய்த்து, புதுக் கேஸ்கட்டோடு ஏற்றினோம். போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக, டார்க் ரெஞ்சில்தான் இறுக்க வேண்டும். வண்டி ஓடிச் சூடான பிறகு மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளியான டேப்பட்டையும் மறுபடி செட் பண்ண வேண்டும். டேப்பட் இறுக்கமாக இருந்தால் வால்வு முழுசாக மூடாது, புதுக் கேஸ்கட் போட்டும் கம்ப்ரெஷன் வராது.

எங்கள் தெருவில் இன்னொரு வண்டிக்கு இதே முறையில் பார்த்தபோது மூன்றும் ஒரே அளவில் குறைந்திருந்தன, இஞ்சின் அடியில் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் பைப்பில் புகை தள்ளியது, காற்று விட்டால் ஆயில் மூடியில்தான் இரைந்தது. ஏர் கிளீனரிலிருந்து மானிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கிழிந்து, புழுதி நேராக உள்ளே போயிருக்கிறது. சிலிண்டரின் உள்குழாயான லைனரின் மேல் ஓரத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் படி விழுந்திருந்தது. அதற்கு லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றும் முழு வேலைதான் வழி.

ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கம்ப்ரெஷன் குறைந்த வண்டிக்கு ஏர் கிளீனர் வாயில் பெட்ரோல் துணியைப் பிடித்து ஸ்டார்ட் பண்ணாதீர்கள். நேரம் தவறி வெடித்து ரிங்கும் பிஸ்டனும் உடையும், தீப்பிடிக்கவும் செய்யும்.