உருளைக்கிழங்கும் காற்றும்: 'டூரின் குதிரை' பார்த்த பிறகு

நிலாவெளிவாசி:
சனிக்கிழமை இரவு உப்புவெளியில் நண்பர் வீட்டு மாடியில் ஏழு பேர் இருந்து இயக்குநர் பேலா தாரின் 'டூரின் குதிரை' பார்த்தோம். 2011 இல் வந்த ஹங்கேரியப் படம், கறுப்பு வெள்ளை. முடியும்போது மூன்று பேர்தான் மிஞ்சினோம். எழும்பிப் போன தம்பி முதலில் சொல்லட்டும்.

மூதூரான்:
நான்தான் அண்ணை. ஒரு மணி நேரம் இருந்தேன். ஒரு கிழவன், மகள், வேலைக்கு மறுக்கும் குதிரை. மகள் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறாள், தகப்பனுக்கு உடுப்பு மாற்றுகிறாள், உருளைக்கிழங்கு அவிக்கிறாள். அடுத்த நாளும் அதே. 146 நிமிடத்துக்கு 30 ஷாட்தான், அதாவது வெட்டாமல் எடுத்த முப்பது துண்டுதான் என்று பிறகு வாசித்தேன். அதில் என்ன பெருமை? கிழமை முழுக்க உழைத்தவனுக்குக் கிடைப்பது ஒரு இரவு. அலுப்பை ஆழம் என்று சொல்லாதீர்கள்.

நிலாவெளிவாசி:
எனக்கும் அலுத்தது தம்பி. ஆனால் அது 'அதே' இல்லை. முதல் நாள் சாப்பாட்டில் கமரா தகப்பனையே பார்க்கிறது. வலக்கை வழங்காதவர், ஒற்றைக் கையால் தோலை உரித்து, சுடச்சுட அள்ளி விழுங்குகிறார். இரண்டாம் நாள் அதே மேசை, கமரா மகள் பக்கம். அப்போதுதான் முதல் நாள் அவளும் எதிரே இருந்தாள் என்பது எனக்கு நினைவு வந்தது. எங்கள் வீட்டில் அம்மா சாப்பிடுவதை நான் எத்தனை நாள் பார்த்திருப்பேன்? இதை இருபது விநாடியாக வெட்டினால் 'ஏழைகள் கிழங்கு தின்றார்கள்' என்ற தகவல் மட்டும் மிஞ்சும்.

படம் முழுக்க வீசும் அந்தக் காற்றும் அப்படித்தான். கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் பொழுதெல்லாம் அந்த இரைச்சலோடு இருந்தவர்கள் நாங்கள். கொஞ்ச நேரம் கேட்டால் அது சத்தம், நாள்கணக்கில் கேட்டால் மனநிலையே மாறிவிடும்.

மூதூரான்:
சரி, சாப்பாட்டை ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து மனிதர் சாராயம் வாங்க வந்து உலகம் கெட்டுப்போன கதையை நீட்டி முழக்குகிறாரே, அது? பேசாமலே சொல்லத் தெரிந்த படத்துக்கு அந்தப் பிரசங்கம் எதற்கு?

நிலாவெளிவாசி:
அதில் உங்களோடு நிற்கிறேன். அந்த இடம் எனக்கும் ஒட்டவில்லை.

சம்பூர் மகள்:
எனக்கு வேறு கோபம். வற்றிய கிணறும் எரியாத விளக்கும் எங்களுக்குப் புதிதா? 2006 இல் போரால் சம்பூரை விட்டு வெளிக்கிட்டு, ஒன்பது பத்து வருடம் கொட்டிலில் இருந்தோம். அதையே திரையில் வைத்து அழகு என்றால் மனம் ஏற்காது. ஒளிப்பதிவு அருமை என்று யாரோ சொன்னபோது எழும்பிப் போகத்தான் நினைத்தேன்.

ஆனாலும் போகவில்லை. கிணறு வற்றியதும் சாமான்களை ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார்கள். வண்டியை மகள் இழுக்கிறாள், குதிரை பின்னால். மேட்டைத் தாண்டி மறைகிறார்கள். கமரா கூடப் போகாமல் இங்கேயே நிற்கிறது. பிறகு அதே மேட்டால் திரும்பி வருகிறார்கள். ஏன் என்று படம் சொல்லாது. எங்கள் அப்பாவும் ஒருதரம் பாதி வழியில் திரும்பினார். நாங்களும் ஏன் என்று கேட்கவில்லை.

மூதூரான்:
அக்கா, அதற்கு முன்னமே நான் போய்விட்டேன். அந்தக் காட்சியை மட்டும் எடுத்துப் பார்க்கலாமா?

சம்பூர் மகள்:
மட்டும் பார்த்தால் இரண்டு பேர் போய்த் திரும்பி வருவதுதான் தெரியும் தம்பி. அந்தக் கிணற்றுக்கு முதலில் அவளோடு நாலு தரம் போய்வர வேண்டும்.