மறு: பள்ளிக்கூட வளைவுக்கு வசூல் – கொடுக்கும் முன்னால் இதைப் படியுங்கள்

கிணத்துமேட்டு வீடு, சிங்கப்பூர்

தலைவர் மாமாவுக்கும் குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

கேரளத்தில் இருக்கிற நம்ம ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் பேர் எழுதிய வளைவு கட்டவும் ஸ்மார்ட் கிளாஸ் வைக்கவும் நம்ம சங்கத்தில் ஆளுக்குப் பத்தாயிரம் கேட்டு மாமா போட்ட மடலை ஊரில் இருந்தபோதுதான் பார்த்தேன். பொங்கலுக்குப் பன்னிரண்டு நாள் போயிருந்தேன். பணம் தரமாட்டேன் என்று சொல்ல எழுதவில்லை. என் பங்குக்கு மேலேயே தருகிறேன். ஆனால் வளைவுக்கும் ஸ்மார்ட் கிளாஸுக்கும் தர மனசு வரவில்லை. அங்கே பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்கள்.

பெரியம்மாவின் பேரன் நம்ம எல்.பி. ஸ்கூலில், நாலாவது வரைக்குமான அந்தத் தொடக்கப் பள்ளியில், நாலாவது படிக்கிறான், தமிழில் பாடம் நடக்கிற தமிழ் டிவிஷன். ஒரு சாயங்காலம் திண்ணையில் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தான். "படி சாமி" என்றேன். விரலை வைத்து ப, ள், ள, ம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். ஒன்றுகூடத் தப்பில்லை. "இப்போ சேர்த்துச் சொல்லு" என்றேன். பக்கத்தில் இருந்த படத்தை எட்டிப் பார்த்துவிட்டு "குழி" என்றான். அடுத்த வரியில் படம் இல்லை. அங்கே அவன் விரல் நகரவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நோட்டில் 42 – 17 என்று எழுதிக் கொடுத்தேன். 35 என்று போட்டான். இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டான். மறுநாள் அதே பையன் வேலந்தாவளம் ரோட்டில் அப்புச்சியின் இளநீர் வண்டியில் நிற்கிறான். ஒருத்தர் நாற்பத்தைந்து ரூபாய் காயாக இரண்டு குடித்துவிட்டு இருநூறு ரூபாய் நோட்டை நீட்டினார். நூற்றுப் பத்தை எண்ணிக் கையில் வைத்துவிட்டு அடுத்த காயைச் சீவப் போய்விட்டான். ஆகவே பையன் மண்டையில் கோளாறு ஒன்றும் இல்லை. தாளில் கடன் வாங்கிக் கழிப்பதை அவன் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

மத்திய அரசு 2021 ஜூலையில் 'நிபுண் பாரத்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை, முன்பின் பார்க்காத ஒரு பத்தியை நிமிடத்துக்கு 60 வார்த்தையாவது பொருள் புரிந்து படிக்க வேண்டும், 9999 வரை எண்களை எழுதவும் படிக்கவும் வேண்டும் என்று அதில் இருக்கிறது. 99 வரைக்குமான கழித்தல் இரண்டாம் வகுப்புக்கே உரியது. நாடு முழுக்க 2026-27-க்குள் இது நடக்க வேண்டும் என்று கெடு. நம்ம பையன் நாலாவது. வருகிற ஜூனில் கொழிஞ்சாம்பாறைக்கு ஐந்தாவது போகிறான். அங்கே போய் யார் அவனுக்கு 'பள்ளம்' சேர்த்துப் படிக்கச் சொல்லித் தருவார்கள்?

மறுநாளே பள்ளிக்கூடம் போனேன். ஹெச்.எம். நல்ல மாதிரி. மலையாளத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத்து அவ்வளவாக வராது. மறைக்காமல் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார். பிள்ளைகள் மொத்தம் 64. சமக்ர சிக்ஷா என்ற அரசின் பள்ளிக்கல்வித் திட்டத்தில் 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருஷத்துக்கு 25,000 ரூபாய் ஸ்கூல் கிராண்ட், தொடக்கப் பள்ளி நூலகத்துக்கு 5,000 வரை, விளையாட்டுக்கு 5,000 வரை. எழுத்தறிவு, எண்ணறிவுக்கான கற்றல் பொருட்களுக்குப் பிள்ளைக்கு 500 ரூபாய் வரை அனுமதிக்கலாம் என்று தனியாக ஒரு இனம் உண்டு. இதெல்லாம் மேல்வரம்பு. மத்தியப் பங்கு 60, மாநிலப் பங்கு 40. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீயின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று கேரளத்துக்கு மத்தியப் பங்கை நிறுத்தினார்கள். 2025 அக்டோபரில் கையெழுத்துப் போட்டு, சில நாளிலேயே மாநில அமைச்சரவை அதை நிறுத்திவைத்தது. நம்ம பள்ளிக்கு இந்த வருஷம் ஒரு தவணைதான் வந்திருக்கிறது. அது கரண்டு பில்லுக்கும் குழாய் ரிப்பேருக்கும் சரியாகப் போயிற்று. கிராண்டில் பத்தில் ஒரு பங்கைச் சுத்தம் சுகாதாரத்துக்கு வைக்க வேண்டும் என்ற விதியையும் மீறவில்லை. கணக்குப் புத்தகத்தை நானே புரட்டிப் பார்த்தேன். ஒரு ரூபாய்கூட வேறெங்கும் போகவில்லை.

ஆனால் பீரோவுக்குள் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. கணக்குக் கருவிகள். நீல பிளாஸ்டிக் கயிறு கட்டி வந்தது வந்தபடி. பத்துப் பத்தாகக் கோக்கும் மணி, இடமதிப்பு அட்டை, பொய் ரூபாய் நோட்டு. அந்தப் பையனுக்கு 42-ஐ நாலு பத்தும் இரண்டு ஒன்றுமாகப் பிரித்துக் காட்ட அந்த மணியே போதும். ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டேன். "ஒரு மணி தொலைந்தாலும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் நான்தானே பதில் சொல்லணும்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தமிழ் டிவிஷனில் நாலு வகுப்புக்கும் இரண்டே டீச்சர்கள், அதில் ஒருவர் தினக்கூலி. அவர் எப்போது நிற்பார் என்று அவருக்கே தெரியாது.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். அரசு பணத்தில் பெட்டி வரும், புத்தகம் வரும், சுண்ணாம்பு அடிக்கலாம். பள்ளி கைக்கு வருகிற இந்த கிராண்டில் நம்ம பிள்ளை பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைக்க முடியாது, அதற்கு அதில் இடமில்லை. அந்த ஆளுக்கு நாம் பணம் கொடுப்போம். புரொஜக்டர் கேரள அரசின் 'கைட்' நிறுவனம் மூலமாக ஏற்கனவே வந்து சுவரோரம் இருக்கிறது, இன்னொன்று வேண்டாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம், கோயமுத்தூர் ஜில்லாவில், சித்தி பேத்தி மூன்றாவது படிக்கிறாள். அங்கே 2022 ஜூனிலிருந்து தமிழ்நாட்டு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பார்த்துப் பிரித்து, அததற்குப் பயிற்சிப் புத்தகம். அவள் மொட்டில் இருக்கிறாள், இவனைவிட ஒரு வகுப்பு கீழே, ஆனால் கடை போர்டு எல்லாம் வாசித்துக்கொண்டே வருகிறாள். தமிழ்நாட்டுக்கும் அதே பி.எம். ஸ்ரீ தகராறில் 2024-25-க்கு 2,152 கோடி நின்றுபோனதுதான். ஆக, பணம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்று கிலோமீட்டர், ஒரு செக்போஸ்ட்.

நம்ம ஊரில் படித்த பெண்கள் இருக்கிறார்கள். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், இரண்டு பேர், ஆளுக்கு மாதம் 6,000. வளைவுக்கு முன்னால் இதைச் செய்வோம் மாமா.

---

நடுத்தோட்டம், தோஹா

தங்கச்சி எழுதியது சரி. நான் சம்மதம். ஆனால் சில கேள்விக்குப் பதில் வராமல் நான் ஒரு பைசா அனுப்பமாட்டேன்.

ஒன்று, 2019-இல் சமையல்கூடத்துக்கு என்று 1,86,000 வசூல் ஆனது. சிமென்ட், கம்பி பில் வந்தது. கூலிக் கணக்கு இன்றுவரை வரவில்லை. நான் மூன்று தடவை இதே குழுவில் கேட்டிருக்கிறேன். மூன்று தடவையும் பேச்சு திருவிழாவுக்குப் போய்விட்டது.

இப்போது இந்த யோசனையின் கணக்கைப் பார்ப்போம். இரண்டு பேர், 6,000, பத்து மாதம் என்றால் வருஷத்துக்கு 1,20,000. சங்கத்தில் நாற்பது பேர் பத்தாயிரம் கொடுத்தால் நாலு லட்சம். மூன்று வருஷம் தாராளமாக ஓடும், மிச்சம் 40,000 இருக்கும். வளைவு என்றால் ஒரே நாளில் தீர்ந்துபோகும்.

அப்புறம் அரசு கிராண்ட். ஹெச்.எம். நல்லவராக இருக்கலாம், சந்தோஷம். எது வந்தது, எப்போது வந்தது, எதற்குப் போனது, பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பியாயிற்றா என்பது தாளில் வேண்டும். மார்ச் 31-க்குள் எடுக்காத பணம் நமக்காகக் காத்திருக்காது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவதும் கிராண்ட் செலவைக் கவனிப்பதும் அவர்கள் வேலை. கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது, யார் யார் கையெழுத்து? யாரும் சொல்லாவிட்டால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமையில் கேட்கிறேன். சண்டைக்காக இல்லை. கேட்கிறார்கள் என்று தெரிந்தால்தான் கொடுக்கிறவனும் ஒழுங்காகக் கொடுப்பான்.

---

பெரியதோட்டம், மஸ்கட்

எல்லோருக்கும் வணக்கம்.

கிணத்துமேட்டுப் பாப்பா எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆனால் இதைப் பொதுவில் போட்டிருக்க வேண்டாம் கண்ணு. எனக்கு போன் பண்ணியிருக்கலாம்.

அந்தப் பள்ளிக்கு இது எழுபத்தைந்தாவது வருஷம். 1951-இல் நாம் திரு-கொச்சியில், அதாவது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில், இருந்தோம். அப்பாரு பள்ளிக்கு 22 சென்ட் நிலம் எழுதிக் கொடுத்தார். 1956 நவம்பர் 1-இல் கேரள மாநிலம் ஆனதற்கு அப்புறம் "இனித் தமிழ்ப் பள்ளிக்கூடம் இங்கே எதுக்கு" என்று கேட்டவர்கள் உண்டு. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 350ஏ என்ற பிரிவு அந்த வருஷம்தான் சேர்ந்தது. அதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அப்பாரு பாலக்காட்டுக்கு எத்தனை தடவை நடந்தார் என்று எனக்குத் தெரியும். வளைவு எனக்காகக் கேட்கவில்லை. ரோட்டில் போகிறவன் தமிழில் எழுதிய பேரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஜூனில் பள்ளி திறந்த ஆறாம் வேலை நாள் தலையெண்ணிக்கை எடுக்கிறார்கள். அதை வைத்துத்தான் டிவிஷன், அதை வைத்துத்தான் டீச்சர். தமிழ் டிவிஷனில் நாலாவது படிக்கிற பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று நாமே சொன்னால், இருக்கிற நாலு வீட்டுக்காரனும் பிள்ளையை மலையாளத்துக்கோ இங்கிலீஷ் மீடியத்துக்கோ மாற்றிவிடுவான். அப்புறம் டிவிஷனே போய்விடும். அதற்கு யார் பொறுப்பு?

சமையல்கூடக் கூலிக் கணக்கு என் டைரியில் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது எடுத்து அனுப்புகிறேன்.

---

பள்ளத்து வீடு, நியூ ஜெர்சி

எனக்கு எழுபத்தொன்று. நான் படித்தது அந்தப் பள்ளியில்தான். சிலேட்டைக் கோவை இலை வைத்துத் துடைத்தது, மத்தியானச் சாப்பாடு, காத்து அடிக்கிற மாதத்தில் ஓடு பறந்து வாத்தியார் மேசையில் விழுந்தது எல்லாம் கண்ணில் நிற்கிறது.

எங்கள் வாத்தியார் கோவிந்தாபுரத்திலிருந்து சைக்கிளில் வருவார். மணி அடித்ததும் யாரையும் விடமாட்டார். வாசலில் நிற்பார். ஒவ்வொருத்தனும் புத்தகத்தில் அவர் தொடுகிற ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். படிக்காதவன் அவரோடு படிக்கட்டில் உட்கார வேண்டும். நான் மூன்றாவதில் பாதி வருஷம் அந்தப் படிக்கட்டில்தான் இருந்தேன். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இருட்டினால் டைனமோ லைட்டைப் போட்டுக்கொண்டு போவார். அவருக்கு அதற்கு யாரும் தனிச் சம்பளம் கொடுத்திருக்கமாட்டார்கள். நாம் கொடுக்கலாமே. என் பங்கு ஐம்பதாயிரம்.

---

மேலத்தெரு, பிரிஸ்டல்

தலைவர் அண்ணா, கேட்கிறேன் என்று வருத்தப்பட வேண்டாம். தமிழ் டிவிஷன் போய்விடும் என்று பயப்படுகிறீர்களே, பெரியதோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே படிக்கிறார்கள்? காலையில் மஞ்சள் வேன் உங்கள் கேட்டில் நின்று ஏற்றிக்கொண்டு போவதை ஊரே பார்க்கிறது. மிச்சம் இருக்கிற 64-இல் எங்கள் தெருப் பிள்ளைகள்தான் நாற்பதுக்கு மேல். மேலாண்மைக் குழுவில் எங்கள் தெருவிலிருந்து ஒரே ஒரு பெயர், அவரும் கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடப்படுகிறார். சமையல்கூடத்துக்கு உத்தரம் கொடுத்தவர் என் அப்பா. கல்லில் யார் பெயர் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதை நான் மறக்கவில்லை, ஆனால் இப்போது அதற்காக எழுதவில்லை.

என் நாத்தனார் டி.எட். முடித்து வீட்டில் இருக்கிறாள். அவளிடம் பேசிவிட்டேன். பிள்ளைகளுக்கு உட்கார இடம் மட்டும் கேட்கிறாள். மாரியம்மன் கோயில் மண்டபத்தை எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

---

கிணத்துமேட்டு வீடு, சிங்கப்பூர்

மாமா, போன் பண்ணாமல் எழுதியது தப்பென்றால் மன்னியுங்கள். ஆனால் வெளியே தெரியக்கூடாது என்று நாம் பொத்தி வைத்த விஷயம் அந்தப் பையனுக்கு முதலிலேயே தெரியும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தானே, அது அந்தப் பார்வைதான். வாசிக்க வந்தால் பிள்ளைகள் தமிழ் டிவிஷனில் தங்குவார்கள். வளைவைப் பார்த்து யாரும் சேர்க்கமாட்டார்கள்.

மண்டபம் வேண்டாம். பள்ளிக்கூட வராந்தாவே போதும், நாலு மணிக்கு மேல் திறந்து வைக்க ஹெச்.எம். சம்மதித்திருக்கிறார். அங்கே என்றால் எந்தத் தெருப் பிள்ளையும் வரலாம். மேலத்தெரு அண்ணியின் நாத்தனார் ஒருவர் ஆயிற்று, இன்னொருவர் வேண்டும். தோஹா அண்ணன் கணக்குப் பார்க்கட்டும், மாதாமாதம் இதே குழுவில் போடட்டும். பயிற்சிப் புத்தகம் சித்தி வீட்டிலிருந்து ஒரு செட் வாங்கி நகலெடுக்கக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

பெட்டி மட்டும் பாக்கி. மணி தொலைந்தால் சங்கம் வாங்கித் தரும் என்று நான் சொன்னதை ஹெச்.எம். நம்பவில்லை, எழுத்தில் கேட்கிறார். தலைவர் என்ற முறையில் நீங்கள் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். பீரோ சாவி அவர் மேசையில், இடது பக்க இழுப்பறையில் இருக்கிறது மாமா.