டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) உள்ள டீசல் எஸ்யூவிக்கு 15டபிள்யூ-40 ஆயில் ஊற்றலாமா?

கேள்வி: ஏழிருக்கைக்காரர்

எங்கள் டர்போ டீசல் எஸ்யூவி 95,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கையேட்டில் 5டபிள்யூ-30, ஏசிஇஏ சி3 (ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கத்தின் ஆயில் தரம்) என்று குறிப்பிட்டிருப்பதால் இதுவரை அதையே ஊற்றிவந்தேன். இம்முறை சர்வீசுக்கு விட்டபோது, எஞ்சினுக்கு வயதாகிவிட்டது, இனிக் கெட்டியான 15டபிள்யூ-40 தான் தாங்கும் என்று மெக்கானிக் சொல்கிறார். ஆயில் குறைவதும் இல்லை, புகையும் இல்லை. அவர் அனுபவசாலி என்பதால் மறுத்துப் பேசத் தயக்கமாக இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

பதில் 1: பட்டறைவாசி

மாற்ற வேண்டாம். முதலில் அந்த எண்களைப் பார்ப்போம். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண், குளிர்ந்திருக்கும் எஞ்சினில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதைக் காட்டுகிறது. பின்னால் உள்ள எண், 100 டிகிரி வெப்பத்தில் அதன் பாகுத்தன்மையைக் காட்டுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் ஆயில் இன்னும் மேலே ஏறாத நிலையில்தான் தேய்மானத்துக்கு வாய்ப்பு மிகுதி என்பதால், குளிரில் மெதுவாக நகரும் 15டபிள்யூ அந்த இடத்தில் நமக்கு உதவாது.

சூட்டில் 40 தான் பாதுகாப்பு என்ற வாதமும் சி3 ஆயிலிடம் எடுபடாது. 150 டிகிரியில், பேரிங்குகளுக்கு இடையே நசுங்கும் நிலையில், ஆயில் படலம் எவ்வளவு தாங்குகிறது என்பதற்குத் தனி அளவு உண்டு. சி3 தரத்துக்கு அது குறைந்தது 3.5 மில்லிபாஸ்கல்-நொடி இருந்தாக வேண்டும். 15டபிள்யூ-40க்கான கீழ்வரம்போ 3.7. இந்தச் சிறு வித்தியாசத்துக்காகக் கையேட்டைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. ஆயில் குறைந்துகொண்டே வரும் எஞ்சின் என்றால் பேச்சு வேறு. அப்போதும் முதலில் காரணத்தைத்தான் தேட வேண்டும்.

பதில் 2: கரும்புகை

பட்டறைவாசி பாகுத்தன்மையோடு நின்றுவிட்டார். என் பார்வையில் இங்கே பெரிய ஆபத்து சாம்பல். டிபிஎஃப் வடிகட்டியில் சேரும் புகைக்கரி, வண்டி நெடுஞ்சாலையில் ஓடும்போது எரிந்து தீர்ந்துவிடும். ஆயிலில் உள்ள கால்சியம், துத்தநாகம் போன்றவற்றின் சேர்மங்கள் எரிந்து விட்டுச்செல்லும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கி வடிகட்டியை அடைக்கும். அதனால்தான் சி3 தரத்தில் சல்பேட்டட் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். பழைய சிஐ-4 என்ற டீசல் ஆயில் தரத்து 15டபிள்யூ-40 ஆயில்கள் பலவற்றில் இது 1 சதவீதத்துக்கும் மேல். வடிகட்டி இல்லாத பழைய வண்டிகளில் அந்த ஆயில் நன்றாகவே உழைத்தது. உங்கள் மெக்கானிக்கின் அனுபவமும் அங்கிருந்து வந்ததாக இருக்கலாம்.

வாங்கும்போது டப்பாவின் முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும் 'ஃபுல்லி சிந்தெடிக்' என்ற சொல்லை நம்பாமல், பின்பக்கத்தில் சி3 என்று இருக்கிறதா, வண்டித் தயாரிப்பாளரின் ஒப்புதல் எண் கையேட்டில் இருந்தால் அதுவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பதில் 3: பெட்ரோல் பக்கம்

இதே கேள்வியோடு வரும் பெட்ரோல் டர்போ உரிமையாளர்களுக்காக ஒரு வார்த்தை. நேரடி எரிபொருள் செலுத்தல் உள்ள எஞ்சின்களில், குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எரிபொருள் முன்கூட்டியே பற்றிப் பிஸ்டனைச் சேதப்படுத்தும் சிக்கல் உண்டு. ஆயில் அதைத் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனை, 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் பெட்ரோல் எஞ்சின் ஆயில் தரம்) தரத்தில் இருக்கிறது.

ஏழிருக்கைக்காரர்

அனைவருக்கும் நன்றி, சி3யிலேயே தொடர்கிறேன். இன்னும் ஒரு சந்தேகம். ஆயில் குறையவில்லை என்று எழுதியிருந்தேன். இன்று காலை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால், சென்ற மாதத்தைவிட மட்டம் சற்று ஏறியிருக்கிறது. இது எப்படி?

பதில் 4: கரும்புகை

பெரும்பாலும் பள்ளிக்கும் கடைக்கும் போய்வரும் குறுகிய ஓட்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன். வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கப் பல எஞ்சின்கள் சிலிண்டருக்குள் கூடுதலாக டீசலைத் தெளிக்கின்றன. அந்த வேலை முடியும் முன்பே வண்டியை அடிக்கடி நிறுத்தினால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். மட்டம் உயர்கிறது, ஆயிலோ நீர்த்துப்போகிறது. வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால், சர்வீஸ் தேதிக்குக் காத்திராமல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.